சஹனில் பரப்பிய மணல்

அந்தச் சிறுவனுக்கு வயது நான்கு. எங்கள் மக்தபில் சேர்ந்து மூன்று மாதங்களாகியும் அவனுக்கு அலிஃபை நேராக எழுத வரவில்லை. 'அக்கறையில்லாத பிள்ளை' என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள், பக்கம் முழுவதும் எழுதி முடித்தாலன்றி வீட்டுக்குப் போகக்கூடாது என்று கண்டித்தேன். மறுநாளிலிருந்து மக்தப் வாசலைக் கண்டதுமே அவன் தாயின் துப்பட்டியைப் பற்றிக்கொண்டு அழலானான்.

அந்த வாரத்தில்தான், சென்னையில் நடைபெற்ற மழலையர் கல்வி மாநாட்டுக்கு எங்கள் நிர்வாகத்தினர் என்னையும் சக ஆசிரியர் ஒருவரையும் அனுப்பி வைத்தனர். கலைப் பட்டமும் பெற்று, இருபதாண்டு காலம் ஓதிக்கொடுத்தவனுக்கு அங்கே கற்க என்ன இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் இரவு ரயிலேறினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

முதல் அமர்வில் பேசிய அம்மையார் எங்களுக்கு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இடக்கையால் பெயரை எழுதச் சொன்னார். அரங்கில் சிரிப்பலை எழுந்தது. "இன்னும் வேகமாக" என்றார். பிறகு, "ஏன் கோணலாக இருக்கிறது? மீண்டும் எழுதுங்கள்" என்று கடிந்துகொண்டார். சிரிப்பு அடங்கிவிட்டது. என் விரல்கள் வலித்தன. தாளில் என் பெயர், அந்தச் சிறுவனின் அலிஃபைப் போலவே வளைந்து கிடந்தது.

நான்கு வயதில் மணிக்கட்டின் எலும்புகள் முழுமையாக உருவாகியிருப்பதில்லை; எழுதுகோலைப் பிடித்து நடத்தும் விரல்தசைகளும் வலுப்பெற்றிருப்பதில்லை என்று அவர் விளக்கினார். களிமண் பிசைவதும், மணி கோப்பதும், மணலில் விரலால் கோடிழுப்பதும் வீண் விளையாட்டல்ல. அவையே எழுத்துக்கு முன்பாடம் என்றார். 1939ஆம் ஆண்டில், 69ஆம் வயதில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றியும் கூறினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை முதலில் விரலால் தடவிப் பழக வேண்டும்; எழுதுவது பிறகு என்பது அவருடைய முறையாம்.

ஊர் திரும்பும்போது ரயிலில் நெடுநேரம் பேசாதிருந்த சக ஆசிரியர், "ஹஜ்ரத், இவை நமக்குப் புதியவையா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே நபி (ஸல்) அவர்கள் தொழுததையும், குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதையும் எத்தனை முறை ஓதிக்கொடுத்திருக்கிறேன்! பாடம் முடிந்த பிள்ளைகளை விளையாட விட வேண்டும், தடுத்தால் அவர்களின் உள்ளம் மடிந்துபோகும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் எழுதியிருப்பதையும் அறிவேன். அறிந்திருந்தேன், நடக்கவில்லை.

ஊர் சேர்ந்த அன்று மாலையே அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்று, "தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்" என்று அவன் தாயிடம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மக்தபில் பழைய சஹன் ஒன்றில் சலித்த மணலைப் பரப்பி வைத்தோம். இரண்டு நாட்கள் அவன் தொலைவிலேயே அமர்ந்திருந்தான். மூன்றாம் நாள் அருகில் வந்து, விரலால் ஒரு கோடு இழுத்தான். அது கோணல்தான். நான் ஒன்றும் சொல்லாமல் சஹனை அசைத்து மணலைச் சமன்படுத்தி, மீண்டும் அவன் முன்னே வைத்தேன். அவன் சிரித்தான்.

இப்போது சில தந்தையர், "நோட்டில் ஒரு வரியும் இல்லையே ஹஜ்ரத்!" என்று குறைப்படுகின்றனர். அவர்களுக்கும், இதைப் படிக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: மழலை மக்தபிலிருந்து திரும்பியதும் நோட்டைத் தேடாதீர்கள், முகத்தைப் பாருங்கள். நாளையும் வர விரும்பும் பிள்ளைக்கு அலிஃப் தானே நேராகும், இன்ஷா அல்லாஹ்.