தேடும் சொல்லும் கிடைக்கும் பொருளும்

பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்ற நாள்தொட்டுப் புணர்ச்சியிலக்கணம் கற்பித்துவரும் எனக்கு, அவ்விலக்கணத்தின் புதுப் பயனொன்றை மாணவன் ஒருவன் உணர்த்தினான். அதனை இம்மலரில் எழுதுவதில் நாணமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு.

சிறுப்பிட்டி தந்த பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) அவர்களைப் பற்றிப் பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு வேண்டுமென்று அவன் கேட்டான். யான் ஆவணத் தரவுத்தளம் ஒன்றிலே ‘தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணம்’ என்பதை மேற்கோட்குறிக்குள் இட்டுத் தேடினேன். ஒன்றும் கிடைத்திலது. “இல்லைத் தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவன் ஐந்து கட்டுரைகளோடு வந்து நின்றான். “எங்கே எடுத்தாய்?” என்றேன். “அதே இடத்திலேதான் ஐயா. கேட்ட முறையை மாற்றினேன்” என்றான்.

என் பிழை விளங்கிற்று. மேற்கோட்குறி, சொற்களை அதே வரிசையில் அடுத்தடுத்து நிற்குமாறு பிணிப்பது; இடையே ஒரு சொல் வரினும் பொருந்தாது. அவன் குறியை நீக்கி, இரு சொற்களுக்கும் இடையே ‘அன்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை இட்டான். அது நம் எண்ணும்மை போன்றது. இரண்டும் ஆவணத்தில் எங்கேனும் இருந்தாற் போதும். பெயரைத் ‘தாமோதரம் பிள்ளை’ எனப் பிரித்து எழுதுவோரும் உளர். ஆதலின் இரு வடிவங்களையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஓர்’ என்பதால் இணைத்தான். அப்பெயருடைய பிறரை விலக்க, அவர்க்குரிய சொல்லின் முன் கழித்தற்குறி இட்டான்.

எல்லாவற்றினும் வியப்பளித்தது நட்சத்திரக்குறி. ‘யாழ்ப்பாணத்தில்’ என்புழி மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வருகின்றது. முழுச்சொல்லைக் கொடுத்தால், சொல்லுருவை அப்படியே ஒப்பிடும் பொறி இதனைக் காணாது. அவனோ ‘யாழ்ப்பாண’ என நிறுத்தி நட்சத்திரமிட்டான். வேற்றுமையுருபு ஏற்ற வடிவங்களும் வந்தன. யான் கற்பித்த பாடம் அது! கரும்பலகையோடு அதனை விட்டவன் யானே.

இக்குறிகள் தளத்துக்குத் தளம் வேறுபடும். உதவிப் பக்கத்தை முதலில் வாசித்தல் நன்று. வருடியில் எடுத்த பக்கம் கணினிக்கு வெறும் படமே. எழுத்துணரி அதனைப் படித்திராவிடின், நூலின் பெயரையும் ஆசிரியரையும் கொண்டே தேடவேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதனாலே, ‘இல்லை’ என்ற சொல்லை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். ஆயினும் எஞ்சியவற்றை 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் மின்வடிவிற் சேர்த்து வருகின்றனர். சேர்த்ததைத் தேடத் தெரியாது ‘இல்லை’ என்போமாயின், உள்ளதையும் நாமே இழந்தவராவோம். ஏடு தேடி ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய பெருமகனைப் பற்றியே யான் அச்சொல்லைக் கூறினேன் என்பது இன்றும் உறுத்துகின்றது.

இப்போது என் வகுப்பில் எவனேனும் ‘இல்லை ஐயா’ என்றால், “எப்படிக் கேட்டாய்?” என்றே வினவுகின்றேன்.