கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்

எழுபது, எண்பதுகளில் பிரித்தானியப் பள்ளிக்கூடங்களில் ரிவியிலும் பாடம் நடந்தது. நிகழ்ச்சி தொடங்க முன்னம் திரையில் ஒரு மணிக்கூடு ஓடும். பிள்ளைகள் கதையை நிப்பாட்டிப்போட்டு ஒழுங்காக இருப்பதற்கான நேரம் அது. பிறகு வெள்ளைக் கோட்டு, சோதனைக்குழாய், மின்னிசை, எதற்கும் பதறாத ஒரு ஆண்குரல். அந்தக் குரல் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வகுப்பறைகளில் வளர்ந்த இரண்டு பேர், றொபேர்ட் பொப்பரும் பீற்றர் செறஃபினோவிச்சும், பிற்காலத்தில் அந்த நிகழ்ச்சிகளையே பகிடி பண்ணி ‘லுக் அரவுண்ட் யூ’ என்ற தொடரை எடுத்தார்கள். முதலில் செய்தது ‘கல்சியம்’ என்ற மாதிரி அத்தியாயம், கிட்டத்தட்ட இருபது நிமிடம். அதற்குப் பிறகு 2002 இல் பிபிசி 2 இல் எட்டு அத்தியாயங்கள் வந்தன. கணிதம், நீர், கிருமிகள், கந்தகம், இரும்பு, மூளை என்று தலைப்புகள் போகும். நடுவில் ‘பேய்கள்’ என்றும் ஒன்று இருக்கும், அதுவும் ஒரு விஞ்ஞானப் பாடம் மாதிரியே.

நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள். எங்களில் ஒருவருக்கும் ஓஎல்லுக்குப் பிறகு விஞ்ஞானத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனாலும் ‘கல்சியம்’ பார்க்கத் தொடங்கியபோது முதல் இரண்டு நிமிடம் எல்லாரும் உண்மையான பாடம் என்றுதான் நினைத்தோம். பகிடியின் வெற்றி அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. நடிகர்கள் சிரிப்பதில்லை, பின்னணியில் சிரிப்பொலியும் இல்லை. படத்தின் நிறம்கூடப் பழைய ரிவி மாதிரி மங்கிப்போய்க் கிடக்கும். எங்கே சிரிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள், நாங்களாகத்தான் பிடிக்க வேண்டும்.

கல்சியத்தைத் தெரிவு செய்ததும் சும்மா இல்லை. எலும்பு, பல், பால் என்று அதைப் பற்றி எல்லாருக்கும் ஏதோ கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்ச உண்மைக்கு மேலேதான் பொய்யை நிமிர்த்தி வைக்கலாம். அத்தியாயத்தின் நடுவில் கல்சியத்தால் வரக்கூடிய ஒரு பயங்கர ஆபத்தைப் பற்றி எச்சரிக்கிறார்கள். அந்த ஆபத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹெல்வெட்டிகா’. 1957 இல் சுவிற்சர்லாந்தில் உருவான ஒரு எழுத்துருவின் பெயர் அது! அது தெரியாமல் கேட்டால் நல்ல விஞ்ஞானச் சொல் மாதிரித்தான் இருக்கும். அந்தக் காட்சியில் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பயமும் பிடித்தது.

குறையும் இருக்கிறது. ஒரே பகிடி இருபது நிமிடத்துக்கு இழுபடும்போது நடுவில் களைக்கிறது. தொடராக வந்தபோது ஒவ்வொன்றையும் பத்து நிமிடத்துக்குள் சுருக்கிவிட்டார்கள், அது நல்ல முடிவு. கணித அத்தியாயத்தில், உலகத்திலேயே பெரிய எண் சுமார் 4500 கோடி என்று அந்தக் குரல் அறிவிக்கும். அதைவிடப் பெரியதும் இருக்கலாம் என்று கணிதவியலாளர் சந்தேகப்படுகிறார்களாம். இரண்டு வசனம், அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். 2005 இல் வந்த இரண்டாம் தொடர் வேறு ஒரு பழைய பிபிசி நிகழ்ச்சியான ‘ருமோறோஸ் வேர்ள்ட்’ ஐப் பகிடி பண்ணியது. பின்னாளில் ஒஸ்கார் வாங்கிய ஒலிவியா கோல்மன் அதில் ஒரு தொகுப்பாளராக வருகிறார். அதுவும் நல்லதுதான், ஆனால் முதல் தொடரின் அந்த இறுக்கம் அதில் இல்லை.

எங்களை நிப்பாட்டி யோசிக்க வைத்தது முதல் தொடரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டளை. எதையாவது காட்டிவிட்டு, இதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள் என்பார் நைஜல் லாம்பேர்ட். அவர்தான் அந்தப் பதறாத குரல். அதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. ஏனென்றால் எங்கட விஞ்ஞானக் கொப்பிகளும் இப்படித்தான் நிறைந்தன. நாங்கள் படித்த பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வுகூடம் பெரும்பாலும் பூட்டித்தான் கிடந்தது. முகவையைப் பென்சிலால் வடிவாகக் கீறினோம், கையால் தொட்டதில்லை. ‘அவதானம்: கரைசலின் நிறம் மாறியது’ என்று டீச்சர் சொல்ல எழுதினோம். எந்தக் கரைசல், ஆர் அவதானித்தது? ஒருவரும் கேட்கவில்லை, சோதனையில் புள்ளி மட்டும் வந்தது.

பார்க்காத ஒன்றை அவதானம் என்று எழுதப் பழகிய கை, பிறகு எதையும் எழுதும். இந்தத் தொடர் விஞ்ஞானத்தைப் பகிடி பண்ணுகிறது என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. கேள்வி கேட்க இடம் வைக்காத குரலைத்தான் அது பகிடி பண்ணுகிறது. விஞ்ஞானத்துக்கு அந்தக் குரல் தேவையே இல்லை. செய்து பார், பிழைத்தால் திரும்பச் செய் என்பதுதான் அதன் வழி.

இது பிரித்தானியாவின் பழைய கதை மட்டும் இல்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து, கொரோனாவுக்கு மருந்து என்று ஒரு பாணி கொடுத்தார். செய்முறையைக் காளி சொல்லித்தந்ததாக அவரே சொன்னார். தொற்றுக் காலத்தில் ஆயிரக்கணக்கான சனம் அதற்காக முண்டியடித்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார், 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. பொப்பரும் செறஃபினோவிச்சும் எழுதியிருந்தால், கொஞ்சம் கூடிப்போச்சு என்று நாங்களே சொல்லியிருப்போம்.

வரிசையில் நின்ற சனத்தை நக்கலடிக்க எங்களுக்கு மனமில்லை. பயந்திருந்த நேரத்தில் அவர்கள் கண்டது அமைச்சரையும் கமராக்களையும்தான். அதிகாரத்தில் இருக்கிற ஆள் சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கியிருக்கிறோம். குடும்ப வட்ஸ்அப் குழுவில் ‘நாசா உறுதிப்படுத்தியது’ என்று வருவதும் அதே குரலின் இன்னொரு வேஷம்தான்.

பார்க்க விரும்பினால் கணிதத்தில் தொடங்குங்கள், அடுத்துப் பேய்கள், கடைசியாகக் கல்சியம். முடிந்தால் ஏழாம் எட்டாம் வகுப்புத் தம்பி தங்கச்சியையும் பக்கத்தில் இருத்துங்கள். மொழி விளங்காத இடத்தில் நிப்பாட்டிச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் எது பொய் என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்களே கண்டுபிடித்து, ‘இது எப்படிச் சரி?’ என்று கேட்கும்வரை பொறுங்கள்.