வால்வு எட்டுதா?

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடையான டிரைசூட்டை வாடகைக்கு எடுத்து இறங்கினேன். கழுத்து சீல் தளர்ந்து முதுகில் ஐஸ் தண்ணீர். பல் தந்தியடித்தது. சொந்தமாக ஒன்று வாங்குவதென்று அன்றே முடிவு.

முதல் கேள்வி, எந்தத் துணி: நியோப்ரீனா, ட்ரைலாமினேட்டா? நியோப்ரீன் நன்றாக வளையும், தானே சூடும் தரும். ஆனால் ஆழம் போகப்போக நசுங்கி மெலியும். ட்ரைலாமினேட் மழைக்கோட்டு மாதிரி. சூடு உள்ளுடுப்பிலிருந்துதான் வரவேண்டும். சீக்கிரம் காயும், ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடலாம். துணி இழுபடாது என்பதால் வெட்டும் தைப்பும்தான் முக்கியம்.

கடையில் உள்ளுடுப்போடு மாட்டிக்கொண்டு குந்திப் பார்த்தேன், கையைத் தலைக்குப் பின்னால் நீட்டிப் பார்த்தேன். (கடைக்காரர் யோகா வகுப்போ என்று நினைத்திருப்பார்.) முதுகிலுள்ள சிலிண்டரின் வால்வு விரலுக்கு எட்டாத சூட் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? மூன்றாவது சூட்டில் எட்டியது. ட்ரைலாமினேட். கழுத்துக்கு சிலிகான் சீல். கிழிந்தால் நானே மாற்றிக்கொள்வேன்.