சண்டை போடாமல் பிரிகிறவர்கள்

தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து அத்தான் போனில் பேசினால், எதில் தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்பார். "உங்க ஊர்ல சபைன்னா என்ன ஒழுங்கும்மா! இங்க ஒரு எலெக்‌ஷன் வந்தா கோர்ட்டு, கேஸு, போலீஸ் பந்தோபஸ்து." அவர் சொல்வது எங்கள் பக்கத்துச் சபைகளை நிர்வகிக்கிற திருமண்டலத்தின் தேர்தலை. அணி பிரிந்து நோட்டீஸ் அடிப்பதும், கூட்டத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் அமுக்குவதும், முடிவு பிடிக்காதவர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் வழக்குப் போடுவதும் எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் புதிதில்லை. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இதே புலம்பல்தான். கடைசியில் யாராவது "வெள்ளைக்காரன் சபையைப் பாருங்க, கத்துக்கோங்க" என்று முடித்துவைப்பார்கள். வெள்ளைக்காரர் சபைக்குள் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

இங்கே சண்டை இல்லை என்பது உண்மை. அமெரிக்காவில் அட்லாண்டாவுக்கு வெளியே நாங்கள் போகிற பிரெஸ்பிட்டேரியன் சபையில் வருடாந்தரக் கூட்டம் ஆராதனை முடிந்த கையோடு தொடங்கி, காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். மூப்பர் பதவிக்குப் போட்டி கிடையாது. குழு கொடுக்கிற பெயர்களைச் சபை அப்படியே ஏற்றுக்கொள்ளும். வரவு செலவுக் கணக்கில் யாரும் குரலை உயர்த்திக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

2024 நவம்பர் 5 அன்று ஜனாதிபதித் தேர்தல் முடிந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர், வெற்றிபெற்ற டிரம்ப்புக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தார். அதே ஜெபத்தில், பயந்துகொண்டு வாழ்கிற குடியேறிகளுக்காகவும் ஜெபித்தார். முதல் வேண்டுதல் பிடிக்காமல் ஒரு குடும்பம் வருவதை நிறுத்திக்கொண்டது. இரண்டாவது பிடிக்காமல் இன்னொரு குடும்பம். யாரும் போதகரிடம் போய் ஏன் அப்படி ஜெபித்தீர்கள் என்று கேட்கவில்லை, கடிதம்கூட எழுதவில்லை. ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலம் வருவதற்குள் இரண்டு குடும்பங்களும் ஆளுக்கொரு சபையில் சேர்ந்திருந்தன. அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று ஆல்டோ பாடுகிறவரும் அதில் ஒருவர். என் மகள் பிறந்தபோது எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து இறக்கியவர் அவர். புதிதாக அச்சிட்ட சபை விலாசப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லாததைப் பார்த்துத்தான் அவர் போய்விட்டது எனக்குத் தெரியவந்தது. இதை ஒழுங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் ஞாயிறு ஆராதனையில் குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதலமைச்சர் என்று பதவியைச் சொல்லி ஜெபிப்பார்கள். நாற்காலியில் யார் மாறினாலும் ஜெபம் மாறாது. என் அப்பா தி.மு.க.; பெரியப்பா காமராஜர் காலத்துக் காங்கிரஸ். எம்.ஜி.ஆர். ஆட்சி நடந்த வருடங்களில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவர் அரசுக்காக 'ஆமென்' சொன்னார்கள். வீட்டுத் திண்ணைக்கு வந்ததும் அவர்கள் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்கும். இங்கே போதகர் சொந்த வார்த்தையில் ஜெபிக்கிறார். அதனாலேயே அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும், சொல்லாமல் விட்டதும், எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று எடைபோடப்படுகிறது.

நாங்கள் இருக்கிற இந்த ஜார்ஜியா மாநிலத்துக்கு, அரசியலால் சபை பிரிவது நேற்று வந்த வியாதி இல்லை. 1844-ல் அமெரிக்க மெதடிஸ்ட் சபை இரண்டாக உடைந்ததற்கு உடனடிக் காரணம், ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆண்ட்ரூ என்ற பேராயர் அடிமைகளை வைத்திருந்தது. மறு வருடமே, இதே மாநிலத்தின் அகஸ்டா நகரில் கூடித்தான் தெற்கு பாப்டிஸ்டுகள் வடக்கத்தியரிடமிருந்து தனியே போனார்கள். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்பது அங்கே வழக்கு. 1865-ல் லிங்கன் தமது இரண்டாம் பதவியேற்பு உரையில், இரு தரப்பாரும் ஒரே வேதாகமத்தைப் படிக்கிறார்கள், ஒரே கடவுளிடம் ஜெபிக்கிறார்கள் என்று வேதனையோடு குறிப்பிட்டார். மெதடிஸ்டுகள் மறுபடி சேர 1939 வரை ஆயிற்று. பாப்டிஸ்டுகள் இன்றுவரை சேரவில்லை.

ஆனால் ஜார்ஜியாவிலேயே எனக்கு ஒரு பெரிய ஆறுதலும் இருக்கிறது: ஜிம்மி கார்ட்டர். அவரை நல்ல ஜனாதிபதியா என்று விவாதிக்கிறவர்கள் விவாதிக்கட்டும். சபை அங்கத்தினராக அவர் இருந்த விதத்தைத்தான் நான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்ல விரும்புகிறேன். அவருடைய ஊரான பிளெயின்ஸ், இன்றைக்கு அறுநூறு பேர்கூட இல்லாத கடலை விவசாய ஊர். அங்கிருந்த பாப்டிஸ்ட் சபை 1965-ல், கறுப்பினத்தவரை ஆராதனைக்குள் அனுமதிப்பதில்லை என்று வாக்கெடுத்துத் தீர்மானித்தது. எதிர்த்து வாக்களித்த மிகச் சிலரில் கார்ட்டர் குடும்பம் உண்டு. தோற்றார்; சபையை விட்டுப் போகவில்லை. தமக்கு எதிராக வாக்களித்த அதே மனிதர்களோடு உட்கார்ந்து திருவிருந்து எடுத்தார், ஞாயிறு பள்ளி நடத்தினார். 1976-ல், அவர் ஜனாதிபதியாகத் தேர்வாவதற்கு இரண்டு நாள் முன்பு, கிளெனன் கிங் என்ற கறுப்பினப் போதகர் அந்தச் சபையில் அங்கத்தினராகச் சேர வந்தார். உதவிக்காரர்கள் அன்றைய ஆராதனையையே ரத்து செய்துவிட்டார்கள். நாடு முழுவதும் செய்தி. வெற்றி பெற்ற கார்ட்டர் நவம்பர் நடுவில் சபைக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார். அன்றைய வாக்கெடுப்பில் நிறத் தடை நீங்கியது.

மனக்கசப்பு மட்டும் நீங்கவில்லை. கதவைத் திறக்கச் சொன்ன போதகர் சில மாதங்களில் பதவி விலக நேர்ந்தது. அவர் பக்கம் நின்றவர்கள் பிரிந்து 1977-ல் மரநாதா பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார்கள். வெள்ளை மாளிகையை விட்டு ஊர் திரும்பிய பிறகு கார்ட்டர் அதில் சேர்ந்தார். 2000-ல், பெண்கள் போதகராகக் கூடாது என்று தெற்கு பாப்டிஸ்ட் சம்மேளனம் தீர்மானித்தபோது, அதனுடனான தம் உறவை முறித்துக்கொள்வதாகவும் ஏன் முறிக்கிறேன் என்றும் ஊரறிய அறிவித்தார். ஆகவே அவரும் பிரிந்தவர்தான். ஆனால் இருந்து, வாதாடி, வாக்களித்து, தோற்று, மறுபடி வாதாடி, காரணத்தைச் சொல்லிவிட்டுப் பிரிந்தவர்.

1980 ஜனாதிபதித் தேர்தலில் அவரைக் கைவிட்டது அவருடைய சொந்த விசுவாச வட்டம் என்பது எனக்கு இன்றும் வலிக்கிற செய்தி. 'மறுபடியும் பிறந்தவன்' என்று வெளிப்படையாகச் சொல்லி ஜனாதிபதியான மனிதர் அவர். அந்தத் தேர்தலுக்கு முந்தின வருடம்தான் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் 'மாரல் மெஜாரிட்டி' இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். வெள்ளை இன சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் பெருவாரியாக, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரீகன் பக்கம் போனார்கள். அன்று கிழித்த கோடு இன்னும் அழியவில்லை. 2016, 2020, 2024 என மூன்று தேர்தல்களிலும் அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் டிரம்ப்புக்குப் போட்டார்கள். கறுப்பினப் புராட்டஸ்டண்டுகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் எதிர்ப்பக்கம். இரு தரப்பாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே இயேசுவின் பெயரால் கூடுகிறவர்கள்.

இதற்கு வேர் எங்கே என்று யோசித்தால், இந்த நாட்டில் நான் அதிகம் மதிக்கிற விஷயத்திலேயே போய் முடிகிறது. 1791-ல் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம், அரசுக்கென்று ஒரு மதம் கூடாது என்றது. அதனால் சபை ஒவ்வொன்றும் தன் ஜனங்களைத் தானே சம்பாதிக்க வேண்டும். என் மகள் எந்தச் சபையில் சேர்ந்தாலும், எதிலும் சேராவிட்டாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்தச் சுதந்திரத்தை நான் எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் பிடிக்கவில்லையென்றால் கடை மாறுகிற மாதிரி சபை மாறலாம் என்றாகும்போது, அந்த மாற்றத்துக்குத் தேர்தல் ஒன்றே போதுமானதாகிவிடுகிறது. போதகரை வரவழைப்பது சபை; அவருக்குச் சம்பளம் காணிக்கைத் தட்டிலிருந்து. இரண்டு பெரிய குடும்பங்கள் போனால் அடுத்த வருடக் கணக்கு உதைக்கும். அந்தப் பயத்தில் அவர் எதையும் அழுத்திச் சொல்லாமல் விடுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். போதகர்கள் பிரசங்க மேடையில் வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பேசக் கூடாது என்பது 1954 முதல் வரிவிலக்குச் சட்டத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில் வருமான வரித்துறையே டெக்சாஸ் நீதிமன்றத்தில், தம் சபையாரிடம் பேசுவதற்கு அந்தத் தடை பொருந்தாது என்று எழுதிக்கொடுத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்தச் சட்டம் இறுக்கமாக இருந்தபோதே, யாரும் யார் பெயரையும் சொல்லாமலே, பெஞ்சுகள் கட்சிவாரியாகப் பிரிந்து முடிந்துவிட்டன.

எங்கள் ஊரில் ஐயர் என்று நாங்கள் அழைக்கிற போதகருக்குச் சம்பளம் திருமண்டலம் தருகிறது. அதனால் ஊர்ப் பெரிய மனிதரை நேருக்கு நேர் கண்டிக்க அவருக்கு முடிகிறது. ஊருக்கு ஒரு கோயில். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் தாத்தா இருக்கிறார், நாளைக்கு நாமும் போக வேண்டும். அசனம் என்கிற சபை விருந்தன்று எதிரணிக்காரர்தான் நம் இலையில் சோறு போடுவார். கை நீட்டாமல் முடியாது. போகிற இடம் இல்லாததால் சண்டை போடுகிறார்கள். சண்டை போட்டாலும் அடுத்த ஞாயிறு வருகிறார்கள். அந்தத் தேர்தல் வழக்குகளில் பணமும் பள்ளிக்கூட நியமனங்களும் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஜாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தில் கோடு கிழித்த ஊர்களும் நம் பக்கம் உண்டு. அந்த ஊர்களில் ஒரே சபை என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. பிரிவதே பாவம் என்றும் நான் சொல்ல மாட்டேன். நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857-ல் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனரிகளை எதிர்த்துத் தனிச் சபை கண்டதும், 1886-ல் அட்லாண்டாவில் கறுப்பின மக்கள் எபெனேசர் சபையைக் கட்டியதும் தன்மானத்துக்காக. அந்த எபெனேசரின் இன்றைய போதகர் ரஃபேல் வார்னாக் எங்கள் மாநிலத்தின் செனட்டர். நான் குறை சொல்வது காரணம் சொல்லாத பிரிவை மட்டும்.

2025 ஜனவரி 9 அன்று வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் கார்ட்டரின் அடக்க ஆராதனை. உயிரோடிருந்த ஐந்து ஜனாதிபதிகளும் வந்திருந்தார்கள். ஒபாமாவும் டிரம்ப்பும் பக்கத்தில் பக்கத்தில். பன்னிரண்டு நாள் கழித்து, அதே ஆலயத்தில், பதவியேற்றுக்கொண்ட டிரம்ப் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பேராயர் மரியான் பட்டி, குடியேறிகள் மீதும் ஓரினச் சேர்க்கைப் பிள்ளைகள் மீதும் இரக்கம் காட்டுங்கள் என்று அவரிடமே கேட்டார். டிரம்ப் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், பேராயர் மறுத்தார். பேராயர் பேசியது சரியா என்பதில் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தவர்களிடையே இரு கருத்து. நான் பேராயர் பக்கம். ஆனால் எதிர்க்கருத்துக்காரர்களோடு இதைப் பற்றி ஒரே அறையில் பேச எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள்.

மாதம் ஒருமுறை வாடகை மண்டபத்தில் கூடுகிற தமிழ் ஆராதனையில் நிலைமை வேறு. கருக்கலைப்பை எதிர்த்து டிரம்ப்புக்குப் போட்டவர்களும், விசா கவலையில் அவரைச் சபித்தவர்களும் ஒரே மேசையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே குரல் உயர்த்துகிறார்கள். "அண்ணாச்சி, நீங்க வாக்குப் போட்ட ஆளாலதான் என் தம்பிக்கு இந்தக் கதி" என்று ஒருவர் சொல்ல, அண்ணாச்சி எழுந்து போகாமல் பதில் சொல்கிறார். இந்தப் பக்கத்தில் இன்னொரு தமிழ் ஆராதனை தொடங்கப்போவதாகக் கேள்விப்படுகிறேன். தூரம் காரணம் என்றால் சந்தோஷம். வேறு காரணம் என்றால் அதைக் கூட்டம் போட்டுச் சொல்லட்டும் என்று அந்த அண்ணாச்சியிடமே கேட்டிருக்கிறேன்.

பிரெஸ்பிட்டேரியன் சபையிலும் இந்த வருடக் கூட்டத்தில் எழுந்து ஒரு கோரிக்கை வைத்தேன். நின்றுபோன ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேர் நேரில் போக வேண்டும். திரும்பி வாருங்கள் என்று கெஞ்சுவதற்காக அல்ல, ஏன் போனீர்கள் என்று கேட்பதற்காக. முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மூப்பர், அது அவர்கள் அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்றார். இன்னொருவர், ஞானஸ்நானத்தில் அந்தப் பிள்ளைகளுக்காகச் சபையாக நாம் கொடுத்த வாக்குறுதி எங்கே போயிற்று என்று குரலை உயர்த்திக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். விவாதம் நீண்டது. காப்பி ஆறிப்போனது. வாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த அந்த மூப்பரையே என்னோடு வரச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் கேட்டு வாங்கியிருக்கிற முதல் வீடு, குடியேறிகளுக்கான ஜெபம் பிடிக்காமல் போன குடும்பத்தின் வீடு.