மூடிக்குள் ஓர் ஒழுங்கு

நோயுற்றோருக்கு நற்கருணை வழங்க இரமணாசிரமத்தை அடுத்த தெரு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவர், நடுங்கும் கைகளோடு மாதிரி இரயில் எஞ்சின் ஒன்றைத் திறந்துவைத்திருந்தார். உண்மை எஞ்சினில் 87இல் ஒரு பங்கு, 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. அருகே பேரன்.

அவன் அவசரத்தில் திணித்த கம்பிகள் பற்சக்கரத்தில் சிக்கி உறை தேய்ந்ததால், எஞ்சினை இயக்கும் 'டிகோடர்' என்னும் மின்னணுத் தகடு கருகிவிட்டதாம். இப்போது புதியதைப் பொருத்தினர்.

“சிவப்பும் கறுப்பும் தண்டவாள மின்சாரத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது. நிறத்தை மாற்றாதே. சற்றுத் தளர்வு விட்டு அளவாக வெட்டு. பற்றவைத்த இடத்தைச் சூட்டில் சுருங்கும் உறையால் மூடு. சுழலும் பாகங்களை விட்டு விலக்கி, ஓரமாய் ஒட்டு.”

“மூடிவிட்டால் யார் பார்ப்பார்கள், தாத்தா?”

“அடுத்துத் திறப்பவன் பார்ப்பான். அவனுக்குச் சொல்லித்தர நான் இருக்கமாட்டேன்.”

அச்சொல் நம்மைத் தைத்தது. வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றியுள்ளோம்! நம் மேசை இழுப்பறையிலோ, பதிவேட்டில் ஏற்றாத திருமுழுக்குக் குறிப்புகள் துண்டுத்தாள்களாய்க் கிடந்தன. நமக்கு மாற்றல் வந்தபின், திருமணத்துக்குச் சான்றிதழ் கேட்டு வரும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வார்?

அன்றிரவு பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினோம். பதினொரு பெயர்கள் இருந்தன.