ஈரம் கசியாத குழி

மைசூரின் ஆடி மாதத்து மழையை மழை என்று சென்னைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குடையை விரித்தால் அசட்டுத்தனமாக இருக்கும், மடக்கினால் தலை நனையும். குடகு மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சம் மீதியோடு வருகிற மேகம் நாள் பூராவும் பொடிப்பொடியாக உதிர்த்துக்கொண்டிருக்கும். ஆஷாட வெள்ளிக்குச் சாமுண்டி மலையில் வரிசை கட்டி நிற்கிற கூட்டம் இதைச் சட்டை செய்வதில்லை. அவதிப்படுவதெல்லாம் பழைய வீடுகள்தான்.

என் மனைவியின் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். சமையலறைக்கு மேலே ஒரு பரண். இந்த மாதத்தில் அங்கே ஏறினால் பழைய புத்தகக் கடை வாசனை வரும். அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை வாசனையோடு நிறமும் வந்திருந்தது. தகரப் பெட்டிக்குப் பின்னால், உத்திரத்தின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அந்துருண்டை போடச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிக்கச் சொன்னார் இன்னொருவர். குளியலறை டைல்ஸில் அது நன்றாக வேலை செய்யும். மரத்தில் அடித்தால் மேல்கறை வெளுக்கும், கரைசலில் இருக்கிற தண்ணீர் மரத்துக்குள் இறங்கிவிடும். மரம்தான் பூசணத்துக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரையும் வைத்துவிட்டு வந்த மாதிரி. சரியான வழி சுவாரஸ்யமே இல்லாதது. மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து எடுத்து, மரத்தை நன்றாக உலரவிட வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. தட்டினால் விதைத்தூள் வீடு முழுக்கப் பறந்துவிடும். அந்தத் தூள் எப்படியும் எங்கும் இருக்கிறது; அதை ஒழிக்க யாராலும் ஆகாது. காற்றின் ஈரப்பதம் எழுபது சதவீதத்துக்கு மேல் நாலைந்து நாள் நின்றால் அது முளைத்துக்கொள்ளும். நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

என் மனைவி சொன்னதுதான் யோசிக்க வைத்தது. “பாட்டி விறகடுப்பு வெச்சிருந்த வரைக்கும் இது வந்ததில்லையே.”

வந்திருக்காது. அந்தக் காலத்துப் பரண் அடுப்புக்கு நேர் மேலே இருந்தது ஏதோ இடவசதிக்காக இல்லை. விதைச் சோளம், மிளகாய், சுரைக்குடுக்கை, ஓலைச்சுவடி எல்லாம் புகையேறும் இடத்தில்தான் பத்திரமாக இருந்தன. சூடு ஈரத்தை விரட்டும், புகை பூச்சியை விரட்டும். இரண்டும் ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய்விடும். 1865-ல் பேசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை போட்டு ஆரம்பித்த அந்தச் சிவப்பு ஓடு மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. பிறகு கேஸ் வந்தது. கேஸ் எரிந்தால் கரி இல்லை, புகை இல்லை என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். பள்ளிக்கூட வேதியியல்தான், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகி வீட்டுக்குள் ஏறியிருக்கும். விறகும் ஆவியைக் கக்கத்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு அது வெளியேற மேலே வழி இருந்தது. என் மாமனார் ஓட்டுத் தூசி சாப்பாட்டில் விழுகிறதென்று ஓட்டுக்கு அடியில் ப்ளைவுட் அடித்து அந்த வழியை அடைத்துவிட்டார். தூசி நின்றது.

இப்படி யோசித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கிருஷ்ணராஜ புல்வார்டு வழியாக நடந்து போகையில் ஓரியண்டல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் கட்டடத்துக்கு எதிரே நின்றுவிட்டேன். விக்டோரியா ராணியின் ஜூபிலி ஞாபகார்த்தமாக எழும்பியது. 1891-ல் ஓரியண்டல் லைப்ரரி என்று தொடங்கிய நிறுவனம். இங்கேதான் 1905-ல் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் எழுதிய ஒரு ஓலைக்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி பிரித்துப் பார்த்தால், அதுவரை பிற நூல்களின் மேற்கோள்களில் மட்டும் தலைகாட்டிய கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முழுசாக உள்ளே இருந்தது. 1909-ல் மூலத்தை அச்சிட்டார், 1915-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கொண்டுவந்த பண்டிதரின் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. காவேரிக் கரை ஈரத்தில், எந்த வீட்டு எந்தப் பரணில், யார் யார் புல்தைலம் பூசி எத்தனை தலைமுறை காப்பாற்றினார்கள் என்பதும் தெரியப்போவதில்லை. பனையோலை இந்த ஊர்களில் சில நூறு வருஷம் தாங்கினாலே அதிகம். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும். ஆகவே அந்தக் கட்டு அங்கே வந்து சேர்ந்ததற்குப் பின்னால் பல பேருடைய முதுகுவலி இருக்கிறது.

அரசியல் தந்திரத்துக்காகவும் ஒற்றர்களுக்காகவும்தான் அந்தப் புத்தகத்தை எல்லோரும் புரட்டுகிறார்கள். மேடையில் மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதிப்பேர் அதுவும் செய்வதில்லை. எனக்குப் பிடித்த இடம் இரண்டாம் அதிகரணத்தில், பொக்கிஷத்துக்குப் பொறுப்பான அதிகாரி என்ன கட்ட வேண்டும் என்று சொல்கிற பகுதி. சதுரமாக ஒரு குழி வெட்ட வேண்டும். முதல் நிபந்தனையே அந்தக் குழியில் தண்ணீரும் கூடாது, ஈரக்கசிவும் கூடாது என்பதுதான். பக்கங்களிலும் அடியிலும் அகலமான கற்பலகை பாவ வேண்டும். உள்ளே வைரம் பாய்ந்த மரத்தால் கூண்டு மாதிரி மூன்று தளத்தில் நிலவறை. ஒரே ஒரு வாசல். பொறி வைத்த படிக்கட்டு. போதாததற்கு ஒரு தெய்வத்தையும் காவல் வைக்கச் சொல்கிறார். திருடனுக்குப் பொறி, தெய்வம், ஒற்றை வாசல் எல்லாம் உண்டு. ஆனால் அவனைப் பற்றிய பேச்சே பிறகுதான் வருகிறது. அவர் முதலில் பயந்தது கசிவுக்கு.

அதே அதிகாரிக்கு இன்னொரு வேலையும் வைக்கிறார். கோட்டாரத்தில் ஒரு முழம் வாயகலமுள்ள கிண்ணம் ஒன்றை மழையளக்க வைக்க வேண்டும். தானியத்தைக் காப்பாற்ற வேண்டிய இடத்திலேயே மழைமானி! இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட குதூகலத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. வேறோர் இடத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு மழை என்று கணக்கும் தருகிறார். வறண்ட நிலத்துக்கு 16 துரோணம், நீர்வளமுள்ள இடத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு என்று அளந்துகொண்டே வந்தவர் அபராந்தத்துக்கு, அதாவது நம் கொங்கணக் கரைக்கு, வந்ததும் அளவில்லை என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். அந்தக் கரையில் ஜூலை மாதத்தில் ஒரு ராத்திரி தங்கியவர்கள் அவருடைய அவதானத்தை மெச்சுவார்கள். தானியத்தை உயரத்தில் வை, எண்ணெயை மண், மரப் பாத்திரத்தில் வை, உப்பைத் தரையிலேயே கொட்டு என்று சாமான் வாரியாகச் சொல்கிறார். உப்பு எப்படியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதற்காக மெனக்கெடாதே என்கிறாரோ என்னவோ. அந்த அதிகாரி நூறு வருஷத்து வரவைக் கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டுமாம். எங்கள் பரணில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நூறு நாளுக்குக்கூட எங்களால் சொல்ல முடியாது.

தமிழ் எழுத்துக்கு ஈரத்தால் வந்த கவலை ஒன்றும் இதே ஊரில் உண்டு. கோயில் சுவர்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் இங்கேயுள்ள தொல்லியல் துறைக் கல்வெட்டுப் பிரிவில்தான் பல்லாண்டு காலம் இருந்தன. அரசாங்கக் கல்வெட்டு ஆய்வாளராக ஹூல்ட்ஸ் 1886-ல் பதவியேற்ற நாள் தொட்டுச் சேர்ந்தவை. அலுவலகம் ஊட்டியில் இருந்து 1966-ல் மைசூருக்கு வந்தது. ஊட்டியில் துவைத்துப் போட்ட வேட்டி காய எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்தவர்களுக்குக் காகிதம் அங்கே பட்ட பாடும் புரியும். மைப்படி எடுப்பதே தண்ணீரால்தான். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாகச் சோழன் பேசுவான். அது காய்ந்த கணத்திலிருந்து தண்ணீர் அதற்கு எதிரி. காகிதமும் பசையும் பூசணத்துக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து.

தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உரிமைப்படி சரியான தீர்ப்பு, கைதட்டினேன். ஆனால் எனக்குள் இருக்கிற பரண்காரன் ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்தான். மைசூர் ஓரளவு காய்ந்த ஊர். சென்னையோ கடலை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற ஊர். அலமாரிக்குப் பக்கத்தில் ஈரமானி ஒன்றை மாட்டி, அதை தினமும் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒரு ஆளையும் போட்டிருப்பார்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

காய்ந்த ஊர் என்று இதையும் ரொம்பத் தூக்கிவைத்துப் பேச முடியாது. 1892-ல் எழும்பிய லான்ஸ்டவுன் கட்டடத்தில் கூரை 2012 ஆகஸ்டில் இடிந்து நாலு பேர் செத்துப்போனார்கள். தேவராஜா மார்க்கெட்டின் வடக்குப் பகுதி 2016 ஆகஸ்டில் சரிந்தது. இரண்டும் ஆகஸ்ட். இந்தப் பழைய கட்டடங்களில் பலவற்றுக்கு மெட்ராஸ் தாரசிதான்: மர உத்திரங்கள், மேலே சாய்த்து நிறுத்திய செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு. சுண்ணாம்பு உறிஞ்சிய தண்ணீரை வெயில் வந்ததும் விட்டுவிடும். ஒழுகுகிறதே என்று மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே போன தண்ணீர் உள்ளேயே தங்கி, சுவருக்குள் சொருகியிருக்கும் உத்திர முனையைச் சத்தமில்லாமல் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் மராமத்து ஜோராக நடந்திருக்கும்.

இதற்காகக் காற்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிளம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் தரைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவு இடைவெளி விட்டு மரவீடு கட்டுகிறார்கள். ஈரம் சேராமல் இருக்க அந்த இடைவெளிக்கு நாலு பக்கமும் துவாரம் வைப்பது பலகாலம் சட்டமாக இருந்தது. வட கரோலினாவில் அளந்து பார்த்தார்கள். கோடையில் துவாரம் வழியாக வந்த வெக்கைக் காற்று தரையடியின் குளிர்ந்த மரத்தில் பட்டு வியர்த்து, திறந்து வைத்த வீட்டில்தான் ஈரம் கூடுதலாக இருந்தது. மண்மேல் பிளாஸ்டிக் விரித்து அடைத்த வீடுகள் உலர்ந்திருந்தன. ஆகவே எந்தக் காற்று, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. ஜைனர்கள் ஆனி மழைக்கு முன்னால் சுருத பஞ்சமியன்று சுவடிகளை எடுத்துத் துடைத்துப் புதுத் துணியில் சுற்றி வைக்கிறார்கள். நாம் சரஸ்வதி பூஜைக்குத் தென்மேற்கு மழை ஓய்ந்தபின் புத்தகங்களைக் கீழே இறக்குகிறோம். ஜப்பானில் நாரா நகரத்து ஷோசோயின் களஞ்சியத்தை எட்டாம் நூற்றாண்டிலேயே தரைக்கு மேல் எட்டடிக்கும் அதிகமாகத் தூண்களில் தூக்கிக் கட்டிவிட்டு, அதன் பொக்கிஷங்களை இன்றைக்கும் இலையுதிர்காலத்தில்தான் முத்திரையை உடைத்து வெளியே எடுக்கிறார்கள். மூன்று இடத்திலும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

போன வாரம் மேஸ்திரி வந்தார். சேலத்துப் பக்கம், இங்கே வந்து முப்பது வருஷம் ஆகியும் தமிழ் கலையவில்லை, கன்னடம் கலந்துவிட்டது. பரணில் ஏறி உத்திரத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை. “மரம் கெட்டியாத்தான் இருக்கு சார். மொதல்ல இந்த ப்ளைவுட்டக் கழட்டிருங்க. ரெண்டு ஹெஞ்ச எடுத்துட்டுக் கண்ணாடி ஓடு வெக்கிறேன், வெயில் உள்ளாற விழுவும். அந்தச் சுவத்துல காத்துக்கு ஒரு ஜாலி.”

“மழை நாள்ல ஜாலி வழியாவே ஈரம் வராதா மேஸ்திரி?”

“வரும். அதுக்கு ஒரு கதவு வெக்கணும். காலைல பதினோரு மணிக்குத் தொறக்கணும், சாயங்காலம் மூடணும், தூறல் போட்டா தொறக்கவே கூடாது. யார் ஏறுவாங்க, நீங்களா அம்மாவா?”

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கௌடில்யர் இதற்கென்று ஒரு அதிகாரியைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார். மேஸ்திரியே இரக்கப்பட்டு, கீழே நின்று இழுக்கிற மாதிரி கயிறும் கப்பியும் மாட்டித் தருகிறேன், ஆனால் அது தனி ரேட்டு என்றார். அறுநூறு கேட்டார், ஐந்நூறுக்கு முடிந்தது. ஜாலி வேலையை ஆவணி போகட்டும் என்கிறார். ஈரச் சுவரை இப்போது உடைக்கக் கூடாதாம்.