நிற்கக் கற்கும் குதிரைகள்

பந்தயத்தில் முதலாவதாக வந்த குதிரையின் பெயரை மறுநாள் பத்திரிகையில் தேடிப் படிப்பவர்களில் ஒருவராவது, கடைசியாக வந்த குதிரை அதன் பிறகு எங்கே போயிற்று என்று விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, ஏழெட்டு வயதுக்குள் இனி உதவாதென்று பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுவிடுகிற பந்தயக் குதிரை, நோய்நொடியின்றிப் பேணப்பட்டால் 25 வயது வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் ஜீவித்திருக்கக் கூடியது. ஆகவே அதன் ஆயுளின் பெரும்பகுதி, சூதாடியவர்களின் சீட்டுகளெல்லாம் குப்பைக்குப் போன பிறகுதான் ஆரம்பமாகிறது. அந்தப் பெரும்பகுதி எவர் கையில், எவ்விதம் கழிகிறதென்று பார்க்கும் ஆவலோடுதான், மலாக்காவில் பாயா ரும்புட் பக்கத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரமாக அமைந்திருக்கும் ஒரு சிறிய சவாரிப் பண்ணைக்குப் போனேன். பண்ணையின் பெயரையும் தம் பெயரையும் எழுத வேண்டாமென்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவர் விருப்பப்படியே விட்டுவிடுகிறேன்.

மலாக்கா வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த தமிழருக்குக் குதிரை என்பது நெடுங்காலம் மதுரைவீரன் சந்நிதியில் முன்கால் தூக்கி நிற்கும் சிமெண்டுக் குதிரையாகவே இருந்து வந்திருக்கிறது. உயிருள்ள குதிரையைப் பார்க்க வேண்டுமானால் நகரத்துக்குப் போக வேண்டும். ஆயினும் பால்மரக் காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வெளியேறிய பிள்ளைகளில் சிலர் பந்தயத் திடல்களின் லாயங்களில் போய்ச் சேர்ந்து, பாவியான் தீவிலிருந்து வந்த குதிரைக்காரர்களோடு தோளோடு தோள் நின்று, சாணம் வாரியும், உடம்பு தேய்த்தும், குளம்பு துடைத்தும் அந்தப் பிராணியின் சுபாவத்தை உள்ளும் புறமும் அறிந்துகொண்டார்கள். பந்தய சரித்திரம் எழுதுகிறவர்கள் ஜாக்கிகளையும் பயிற்சியாளர்களையும் உரிமையாளர்களையும் வரிசையாகக் குறிப்பிடுவார்கள். லாயக்காரனுக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அபூர்வம்.

இந்தப் பண்ணையில் எனக்கு எல்லாவற்றையும் காட்டியவர் அத்தகைய லாயக்காரர்களில் ஒருவர். தோட்ட லயத்தில் பிறந்து, வாலிபத்தில் சிங்கப்பூர் சென்று, புக்கித் தீமா திடலில் வேலைக்கு அமர்ந்து, 1999 இல் அத்திடல் மூடப்பட்டபோது குதிரைகளோடு கிராஞ்சிக்கு இடம்பெயர்ந்து, கடைசியில் கிராஞ்சியும் மூடப்படுவதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 1842 இல் தோன்றிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப் தன் பந்தயங்களை நிறுத்தப் போவதாக 2023 ஜூன் மாதம் அறிவித்தபோது, அங்கே சுமார் 700 குதிரைகள் இருந்தன. 2024 அக்டோபர் 5 ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. நிலம் வீடமைப்புக்கென்று அரசாங்கத்திடம் திரும்புகிறது. 1864 இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025 இல் பந்தயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. கோலாலம்பூரிலோ, இரட்டைக் கோபுரம் எழும்பி நிற்கிற இடமே ஒரு காலத்தில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் ஓடுதளம். அது 1993 இல் சுங்கை பீசிக்குப் பெயர்ந்தது. திடல்கள் இவ்வாறு சுருங்கச் சுருங்க, ஓட்டத்தைத் தவிர வேறொன்றும் அறியாத குதிரைகளும், குதிரையைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர்களும் ஒருசேர வெளியே வந்து நிற்கிறார்கள்.

"இதுக்கு ஓடத் தெரியும் ஐயா. நிக்கத் தெரியாது. அதத்தான் முதல்ல சொல்லிக் குடுக்கணும்" என்றார் பெரியவர், நியூசிலாந்தில் பிறந்து ஆறு வருஷம் ஓடிவிட்டு வந்திருந்த ஒரு செந்நிறக் குதிரையின் கழுத்தைத் தடவியபடி.

வேடிக்கையாகச் சொன்னாரோ என்று நினைத்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் அது சாஸ்திரோக்தமான உண்மையென்று தெரிந்தது. பந்தய லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஜாக்கியின் காலைத் தாங்கி மேலே ஏற்றிவிடுவதுதான் வழக்கம். ஆதலால் ஒருவர் ஏறும்வரை அசையாமல் நிற்பது என்ற ஒழுக்கத்தை அந்தக் குதிரை தன் வாழ்நாளில் கற்றதேயில்லை. இங்கே மூன்று படி வைத்த ஒரு மரப்பெட்டியை அதன் பக்கத்தில் போட்டு, அதன்மேல் ஏறுவதும் இறங்குவதுமாக, முதுகில் உட்காராமலே நாள்கணக்கில் பழக்குகிறார்கள். குதிரை நகர்ந்தால் அதட்டுவதில்லை. ஒரு சுற்று நடத்திக்கொண்டு வந்து, மறுபடி அதே இடத்தில் நிறுத்துகிறார்கள். நின்றால் கடிவாளக் கயிறு தளர்கிறது, கழுத்தில் ஒரு தட்டு கிடைக்கிறது. அவ்வளவுதான் பாடம்.

அதைவிடக் கடினமானது வாயின் பாடம். சாதாரண சவாரிக் குதிரைக்குக் கடிவாளத்தை இறுக்குவது மெல்லப் போ என்பதற்கு அடையாளம். பந்தயக் குதிரையோ இறுகிய கடிவாளத்தின்மேல் தன் பாரத்தைச் சாய்த்து, அந்தப் பிடியையே ஆதாரமாகக் கொண்டு வேகத்தைக் கூட்டப் பழகியது. பயந்துபோன ஒரு புது மாணவன் அதன் முதுகில் அமர்ந்து, விழாமலிருக்க வேண்டிக் கடிவாளத்தைக் கெட்டியாகப் பிடித்தானென்றால், அவன் தன்னை அறியாமலே ஓடு என்று ஆணையிடுகிறான். அது பணிவோடு ஓடுகிறது. பிறகு உலகம் அதை முரட்டுக் குதிரை என்கிறது. கால்களின் விஷயமும் இப்படியே. குட்டையான அங்கவடியில் குந்திப் பறக்கும் ஜாக்கியின் கால்கள் அதன் விலாவைத் தழுவுவதில்லை. நீண்ட அங்கவடியில் தொங்கும் சவாரிக்காரனின் முழங்காலும் கெண்டைக்காலும் முதன்முதலாக விலாவில் படும்போது அது திடுக்கிட்டுக் குலுங்குகிறது. போதாக்குறைக்கு, கிராஞ்சியைப் போல இடப்பக்கமாகவே வளையும் ஓடுதளத்தில் வருஷக்கணக்காக ஓடிய உடம்பு, வலப்பக்கம் திரும்பச் சொன்னால் வளையாமல் பலகை போல் விறைத்துக்கொள்கிறது.

இவற்றையெல்லாம் திருத்துவதற்கு அவர்கள் கையாளும் முறையில் மந்திரம் எதுவுமில்லை. வந்த குதிரையை முதல் சில மாதங்கள் சவாரிக்கே எடுப்பதில்லை. பந்தயத்துக்கென்று அடித்த லேசான அலுமினிய லாடங்களைக் கழற்றி, மெலிந்து பிளவுபட்ட குளம்பு வளர அவகாசம் கொடுக்கிறார்கள். வேகத்துக்காக ஊட்டப்பட்ட தானியத்தைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லையும் வைக்கோலையும் கூட்டுகிறார்கள். நாளின் பெரும்பொழுதைத் தனியறையில் அடைபட்டுக் கழித்த பிராணிக்கு வெட்டவெளியும் மற்றக் குதிரைகளின் சகவாசமும் புதிய அனுபவம். யாருக்கு வழிவிட வேண்டும், யாரை முட்டித் தள்ளலாம் என்பதைக்கூட அது ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. பந்தயக் குதிரைகளில் மிகப் பலவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். மரச்சட்டத்தைக் கவ்விக்கொண்டு காற்றை விழுங்குவதும், நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதும் அடைபட்ட வாழ்க்கை பழக்கிவிட்ட வழக்கங்கள். இவையெல்லாம் ஓரளவு அடங்கிய பின்னரே நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்துவதும், தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டவைப்பதும், கடைசியாகச் சேணமும் வருகின்றன. அப்போதும் பல வாரம் நடை, நடை, நடைதான். நாலுகால் பாய்ச்சலைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை.

சேணமேற்றிய குதிரையில் முதலில் அமர்பவள், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வேலைக்கு வரும் ஓர் இளம்பெண். "தாத்தா, காது பின்னால போகுது" என்று அவள் மேலிருந்து சொன்னாள். "தெரியுதும்மா. மூச்சை விடு. நீ மூச்சைப் பிடிச்சா அதுவும் பிடிக்கும்" என்றார் பெரியவர். அவள் பெருமூச்சு விட்டாள். குதிரையின் கழுத்து சற்றே தாழ்ந்தது. ஆசானும் சிஷ்யையும் ஒரே சமயத்தில் குதிரையின் சுவாசத்துக்குக் காது கொடுக்கும் இந்த வித்தை எந்தப் புத்தகத்தைப் படித்தும் வரக்கூடியதென்று எனக்குத் தோன்றவில்லை.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் போதாத இடம் இன்னொன்றும் உண்டு. நம்முடைய புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வை நின்றே போய்விடுகிறது. வியர்வையால்தான் குதிரை தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் தணித்துக்கொள்கிறது. அது நின்றுபோனால், சிறிது ஓடினாலும் விலா அடித்துக்கொண்டு மூச்சு வாங்கும், உடம்பு கொதிக்கும், கவனிக்காவிட்டால் உயிருக்கே அபாயம். அதனால் வேலையெல்லாம் வெயில் ஏறுமுன் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு குதிரையின் பிடரிமயிருக்கடியிலும் பெரியவர் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். ஈரம் தட்டாவிட்டால் அன்றைக்கு அதற்குத் தண்ணீரும் மின்விசிறியும் ஓய்வும்தான். மழைக்காலத்தில் குளம்பின் உள்ளே அழுகல் வராமல் காப்பது மற்றொரு பாடு. தீனியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: நேப்பியர் போன்ற நம் வெப்பநாட்டுப் புற்கள் சிலவற்றிலுள்ள ஆக்ஸலேட் உப்பு, சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது, புல் பச்சைப்பசேலென்று வயிறு நிரம்பக் கிடைத்தாலும் எலும்பு பலவீனப்பட்டு, நாளடைவில் முகத்தெலும்பே வீங்கிவிடும். தீனித் தொட்டியில் ஒரு மலாய் இளைஞர் வெள்ளைப் பொடி அள்ளிப் போட்டுக் கலந்ததன் காரணம் அதுதான்.

இதைக் கேட்டபோது மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிவைத்திருப்பது என் நினைவுக்கு வந்தது. கடல் கடந்து வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அந்நாட்டில், அவற்றைப் பேணும் வகையறிந்தவர்கள் இல்லாமையால் மிகப் பல குதிரைகள் ஒரு வருஷத்துக்குள்ளேயே மாண்டன என்றும், சமைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்குத் தீனியாகப் போட்டார்கள் என்றும் அவர் கூறுகிறார். குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரின் கதையைப் பக்தியோடு கேட்டு வந்திருக்கிற நாம், வாங்கிய குதிரையை எப்படி வைத்துக்கொண்டோம் என்ற கதையை அவ்வளவாகக் கேட்டதில்லை. பொக்கிஷத்தைக் காலி செய்து குதிரை வாங்குவது அரச காரியமாக இருந்தது. புல் போடுவது எவருடைய காரியமாகவும் இருக்கவில்லை போலும்.

இன்றைக்கோ நிலைமை தலைகீழ். குதிரை இனாமாகவே கிடைக்கிறது, புல்தான் விலை. லாடம், வைத்தியர், தீனி, ஆள் சம்பளம் என்று மாதாமாதம் வளரும் செலவை, வாரக் கடைசியில் வரும் சில குழந்தைகளின் சவாரிக் கட்டணத்தால் ஈடுகட்ட முடியாமல் உரிமையாளர் தவிப்பதை அவர் முகமே சொல்லிற்று. பிரிட்டனில் பந்தயத் துறையே முன்வந்து, ஓய்வுபெற்ற குதிரைகளை மறுபடி பழக்குவதற்கென்று 2000 இல் ஒரு தரும ஸ்தாபனம் ஏற்படுத்தியது. ஹாங்காங் ஜாக்கி கிளப்பும் தன் குதிரைகளில் ஒரு பகுதியைச் சவாரிப் பள்ளிகளுக்கென்று பழக்குகிறது. பந்தயப் பணத்திலிருந்தே பந்தயக் குதிரையின் பிற்காலத்துக்கு ஒரு பங்கு ஒதுக்குவது தருமமென்று சொல்வதைவிடக் கடனைத் திருப்பிக் கொடுப்பது என்று சொல்வதே பொருத்தம்.

எல்லாக் குதிரைகளையும் காப்பாற்றிவிடலாமென்று பெரியவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். முன்காலின் பின்புறத்துத் தசைநாண் கிழிந்துபோன குதிரை தேறுவதற்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். தேறினாலும் பலவற்றால் பாரம் சுமக்க இயலாது. அப்படிப்பட்டதை ஆசையினால் மட்டும் வாங்கிக்கொண்டு போய், வீட்டுப் பின்புறத்தில் கட்டிப் பட்டினி போடுவதைக் காட்டிலும், வைத்தியரின் கடைசி ஊசி காருண்யமானது என்பதே என் அபிப்பிராயம். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், எலும்பு தெரிய நிற்கும் குதிரை ஒன்றை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

புறப்படுமுன், இவ்வளவு அறிந்தவருக்கு இங்கே என்ன பதவி என்று உரிமையாளரிடம் கேட்டேன். பொது வேலையாள் என்றுதான் பதிந்திருப்பதாகச் சொன்னார்; வேறெப்படிப் பதிவதென்று அவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பந்தயக் குதிரைக்கும் பிறப்பு, தாய் தந்தை, அங்க அடையாளம் யாவும் எழுதிய கடவுச்சீட்டு உண்டு. அது ஓடிய ஓட்டமெல்லாம் பதிவாகியிருக்கும். அதைப் பேணியவருக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வகுப்பில் உட்காராமல் வேலை அனுபவத்தையே தகுதியாகக் கொண்டு மதிப்பிடும் வழி மலேசியத் திறன் சான்றிதழ் முறையில் ஏற்கெனவே இருக்கிறது. பந்தயத் திடல்களிலிருந்து திரும்பிய லாயக்காரர்களை மலாக்காவிலும் ஜொகூரிலும் பினாங்கிலும் தேடிப் பிடித்து, அந்த வழியாக அவர்களுக்குச் சான்றிதழும் அதற்கேற்ற சம்பளமும் கிடைக்கச் செய்வதும், இளையவர்களை அவர்களிடம் அனுப்பிவைப்பதும் சங்கங்களும் மாநில அரசும் இப்போதே செய்யக்கூடிய காரியங்கள். பெரியவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அவரிடம் கற்றுக்கொள்ள இப்போது இருப்பது அந்த ஒரு பெண்தான்.